வேலி திறந்துவிட்ட ஈமு: ஆந்திர எல்லைக் கரட்டுக்காட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது என்ன

ஆஸ்திரேலியாவின் பறக்காத பெரும்பறவை ஈமு. அதன் வளர்ப்பு ஆந்திராவில் 1990களின் பிற்பகுதியில் வேரூன்றி, பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கும் பரவியது. மானாவாரிக் கொல்லை வைத்திருந்தவர்களுக்கு இது பொருத்தமான தொழில் என்று சொல்லப்பட்டது: தண்ணீர் குறைவாகப் போதும், நோய் அதிகம் வராது, இறைச்சி, எண்ணெய், தோல், இறகு, முட்டை ஓடு எல்லாம் விலை போகும். ஆனால் அந்த ஆண்டுகளில் பணம் பெரும்பாலும் இறைச்சியிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ வரவில்லை. புதிதாக வளர்க்க வந்தவர் கொடுத்த குஞ்சு விலையும் முன்பணமும்தான் பழையவருக்கு வருமானமாகத் திரும்பியது. புதியவர் வரத்து நின்ற அன்று தொழிலும் நின்றது. 2012 ஆகஸ்டில் பெருந்துறை வட்டாரத்தில் நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குகள் பதிவாயின. உரிமையாளர் இல்லாமல் பட்டினியில் நின்ற பறவைகளுக்கு அரசே தீவனம் போட வேண்டி வந்தது.

வளர்ந்த ஈமு ஒன்றுக்கு நாளைக்கு 700 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை தீவனம் வேண்டும். ஒரு ஜோடிக்கு மாதம் நாற்பதிலிருந்து அறுபது கிலோ வரை. வாங்க ஆள் இல்லாத பறவைக்கு இதை எத்தனை மாதம் போடுவது? சிலர் அடிமாட்டு விலைக்குக் கறிக்குக் கொடுத்தார்கள். சிலர் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். சிலர் வேலியைத் திறந்துவிட்டார்கள்.

திறந்துவிட்டவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பலருக்கும் மனதில் ஒரு நியாயம் இருந்தது: பெரிய பறவை, வலுவான கால், வெயில் தாங்கும் உடம்பு, கரட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளும். அதோடு இன்னொரு வாதமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியாவில் ஈமு காட்டுக்கு விதை போடுகிறதாமே, நம் காட்டுக்கும் போடட்டும் என்பது அது. இந்த இரண்டாவது வாதம் படித்தவர்கள் வாயிலிருந்து இன்றும் வருகிறது. அடைப்பில் ஈமு இருபது ஆண்டுக்கு மேலும் வாழும் என்பதால், 2011இல் குஞ்சாக வந்த பறவை இன்னும் எங்காவது ஒரு மாந்தோப்பு மூலையில் நின்றுகொண்டிருக்கலாம். அதை என்ன செய்வது என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. அதனால் இந்த வாதத்தை வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

தன் மண்ணில் ஈமு

ஈமு நின்றால் ஒன்றரை மீட்டரிலிருந்து 1.9 மீட்டர் வரை உயரம். எடை பொதுவாக 30 முதல் 45 கிலோ. கொழுத்த பறவை இன்னும் கூடும். மணிக்கு 50 கிலோமீட்டரை நெருங்கும் அதன் ஓட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். காட்டுக்கு முக்கியம் ஓட்டம் அல்ல, நடை. மழை எங்கே பெய்ததோ, தளிர் எங்கே வந்ததோ அங்கே போகும் பறவை இது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பருவத்தை ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடம்பெயர்கிறது.

ஒரு பறவை விதை பரப்புவதில் தேர்ந்ததா என்று பார்க்க மூன்று விஷயம் பார்க்க வேண்டும். தொண்டைக்குள் எவ்வளவு பெரிய பழம் போகிறது. போன விதை வயிற்றில் எவ்வளவு நேரம் நிற்கிறது. அந்த நேரத்துக்குள் பறவை எவ்வளவு தூரம் போகிறது. ஈமுவுக்கு மூன்றும் பெரிய அளவில் அமைந்திருக்கின்றன. பழத்தைக் கடிக்காமல் முழுதாக விழுங்கும். மெல்லிய விதைகள் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வெளியே வரும். கடினமான பெரிய விதைகள் அரைவைப்பையில் வாரக்கணக்கில்கூடத் தங்கிவிடும். அதற்குள் பறவை எங்கோ போயிருக்கும். தாய்மரத்திலிருந்து பத்து மீட்டரில் விதை போடும் சிறு பறவையும், பல கிலோமீட்டர் தள்ளிப் போடும் ஈமுவும் செய்வது ஒரே வேலை அல்ல. முன்னது தோப்பை அடர்த்தியாக்கும். பின்னது புதிய இடத்தில் தோப்பையே தொடங்கி வைக்கும்.

அதன் உணவும் மாதத்துக்கு மாதம் மாறும். உள்நாட்டு வறண்ட பகுதியில் மழை வரும்வரை முல்கா என்னும் ஒருவகை வேல மரத்தின் விதை. மழைக்குப் பின் புல் தளிரும் கம்பளிப்புழுவும். குளிர்காலத்தில் ஆவாரை இனத்துச் செடிகளின் இலையும் காயும். வசந்தத்தில் வெட்டுக்கிளியும் குவாண்டாங் பழமும். குவாண்டாங் நம் சந்தன மரத்தின் நெருங்கிய உறவு. நம் மலைச் சந்தனத்துக்குப் பழம் சிறிது. கொண்டைக்குருவியும் குயிலும் குக்குறுவானும் அதைப் பரப்பிவிடுகின்றன. குவாண்டாங்கின் கொட்டையோ கோலிக்குண்டு அளவு. அதைத் தூக்கிக்கொண்டு தூரம் போக ஈமு போன்ற உடம்பு தேவைப்படுகிறது. சந்தனக் குடும்பம் ஒன்றுதான், ஆனால் இரண்டு கண்டத்தில் இரண்டு வெவ்வேறு சுமைகாரர்கள்.

ஈமு வயிற்றில் போன விதை எல்லாம் பிழைப்பதில்லை. பல் இல்லாத குறைக்கு அது கல் விழுங்குகிறது. 45 கிராம் எடையுள்ள தனிக் கல்லும், ஒரே நேரத்தில் மொத்தம் 745 கிராம் கல்லும் அரைவைப்பையில் கண்டதாகப் பதிவு உண்டு. அந்த ஆலையில் மெல்லிய தோல் விதைகள் மாவாகிவிடும். தப்புவது கல் போன்ற ஓடு உள்ளவை. ஈமு நல்ல விதை, கெட்ட விதை என்று தேர்ந்தெடுப்பதில்லை. ஓடு தாங்கினால் கொண்டுபோய்ச் சேர்க்கும். குவீன்ஸ்லாந்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சப்பாத்திக்கள்ளி பரவியபோது, ஈமு அதன் பழத்தைத் தின்று போன இடமெல்லாம் விதை போட்டது. 1920களில் அதற்காகவே ஈமுவை வேட்டையாடினார்கள். சொந்த மண்ணிலேயே, அந்நியச் செடி ஒன்று நுழைந்தவுடன் அந்தப் பறவையின் நல்ல குணமே கெடுதலாக மாறியது. எல்லைக் கரட்டைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு விவரத்தை மட்டுமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மழைக்காட்டில் இதே வேலையைக் கசோவரி என்ற இன்னொரு பறக்காத பெரும்பறவை செய்கிறது. குவீன்ஸ்லாந்தின் ஈரக்காடுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தாவரங்களின் பழத்தைத் தின்கிறது. ரைபரோசா என்ற அரிய மரத்தின் விதையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கசோவரி வயிற்றைக் கடக்காத விதையில் முளைத்தது சுமார் 4 விழுக்காடு. கடந்துவந்ததில் 92 விழுக்காடு. பறவை போனால் அந்த மரம் நாளைக்கே சாய்ந்துவிடாது. கன்று மட்டும் வராது. பழைய மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்து முடியும் வரை காடு நன்றாக இருப்பதாகவே தோன்றும். பெரிய பழந்தின்னியின் அருமை தெரிவது இவ்வளவு தாமதமாகத்தான்.

எல்லைக் கரட்டில் விட்டால்

குப்பம், பலமநேர், நகரி, சத்தியவேடு. இந்தப் பக்கம் பேரணாம்பட்டு, குடியாத்தம், திருத்தணி. பாறைக் கரடு, இடையிடையே புதர்க்காடு, கீழே மாந்தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, கேழ்வரகு, தக்காளி, ஏரி. பலமநேர் பக்கம் கௌண்டின்யா சரணாலயம். இந்த நிலத்தில் ஒரு ஈமுவை விட்டால் என்ன ஆகும் என்பதை நான்கு கோணத்தில் பார்க்கலாம்.

முதலில் நாள்காட்டி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இதுதான் ஆணிவேர். பகல் குறுகும் காலத்தில் முட்டையிடும் பறவை ஈமு. ஆஸ்திரேலியாவில் அது ஏப்ரல், மே, ஜூன். நம் பக்கத்தில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆண் பறவைதான் அடைகாக்கும். சுமார் 56 நாள். அந்த எட்டு வாரமும் தீனி இல்லை, தண்ணீரும் ஏறக்குறைய இல்லை; உடம்புக் கொழுப்பிலேயே உயிர் தாங்கும். ஒரு நாளில் பத்து முறை எழுந்து முட்டையைத் திருப்பிவிட்டு மறுபடி உட்காரும். எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் குளிர் முடியும்போது குஞ்சு பொரிக்கும். வெளியே வந்தால் வசந்தம், பச்சை, பூச்சி. குஞ்சுக்கு முதல் மாதங்களில் வேண்டியது அதுதான்.

இங்கே அதே கணக்கு தலைகீழாகிறது. நவம்பரில் இட்ட முட்டை ஜனவரியில் பொரிக்கும். ஈமுவின் கூடு தரையில் லேசாகக் கிளறிய பள்ளம், அதன் மேல் கொஞ்சம் சருகு. வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் தண்ணீர் தேங்கிவிடும். அதைத் தாண்டினாலும், குஞ்சு வெளியே வரும் நேரத்தில் கரடு காயத் தொடங்கியிருக்கும். பிப்ரவரியில் புல் மஞ்சள், மார்ச்சில் குட்டை வற்றல், பூச்சி குறைச்சல். எட்டு வாரம் பட்டினி கிடந்த தகப்பனும் அப்போது நடக்கத் திராணியில்லாமல் இருக்கும். பறவையின் உடம்பில் ஓடும் கடிகாரம் நம் வானத்தோடு ஒத்துப்போகவில்லை. வெயில் அதைக் கொல்லாது. ஆஸ்திரேலியா உள்நாட்டில் இதைவிடக் கடுமையான வெயில் உண்டு. பருவம் பிசகுவதுதான் அதன் குலத்தை நிறுத்துகிறது.

அடுத்தது எதிரி. ஈமுவின் ஒரே பாதுகாப்பு உயரமும் கால் உதையும் ஓட்டமும். திறந்த வெளியில் அது போதும். புதர்க்காட்டில் ஓட இடமில்லை. ஊர் நாய்கள் கூட்டமாகத் துரத்தினால் அது வேலியில் போய் மோதும். முள்கம்பியில் கழுத்தோ தொடையோ கிழியும். யானைக்காக வெட்டிய அகழியில் விழுந்தால் ஏறி வர முடியாது. அடைகாக்கும் ஆணை நாயும் காட்டுப்பன்றியும் கண்டுபிடித்தால் கூடு போச்சு. பண்ணையில் பிறந்து மனிதன் கையில் தீவனம் தின்ற பறவைக்கு மனிதனைக் கண்டால் பயம் கிடையாது. சாலைக்கு வரும், வண்டிக்கு முன்னால் நிற்கும்.

மூன்றாவது பயிர். மேற்கு ஆஸ்திரேலியாவின் காம்பியன் பகுதியில் 1932இல் சுமார் 20,000 ஈமு கோதுமை வயலில் இறங்கியபோது இராணுவமே வந்தது. இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி, பத்தாயிரம் தோட்டா. நவம்பரில் தொடங்கி டிசம்பரில் முடித்துக்கொண்டு திரும்பினார்கள், பறவை குறையவில்லை. தின்றதைவிட மிதித்ததும், வேலியைக் கிழித்து முயலுக்கு வழிவிட்டதும்தான் அங்கே பெரிய நட்டம். இரண்டு ஏக்கர் கொல்லை வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு ஜோடி இறங்கினாலே போதும். இந்த எல்லைக்குப் பெரிய விலங்கு திரும்பி வருவது என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். நெடுங்காலம் யானை இல்லாதிருந்த சித்தூர் காட்டுக்கு 1980களில் ஓசூர், ஆனேக்கல் பக்கக் காடுகளிலிருந்து யானைகள் தாமாகவே வந்தன. 1990இல் கௌண்டின்யா சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானை இந்த மண்ணின் விலங்கு; அதற்கு இங்கே உரிமை உண்டு. அப்படியிருந்தும் மனிதனும் யானையும் மாறி மாறிச் சாகிறார்கள். உரிமையும் இல்லாத, வேலையும் இல்லாத ஒரு பறவையை இதற்கு மேல் சுமக்க இந்தக் கொல்லைகளுக்குத் தெம்பு இல்லை.

நான்காவது, விதை. ஈமு இங்கே எதைத் தின்று எதைப் போடும்? எல்லைக் கரட்டில் எளிதில் கிடைக்கும் பழம், காய் என்று பார்த்தால் சீமைக்கருவேலம், உன்னிச்செடி, சப்பாத்திக்கள்ளி முன்வரிசையில் நிற்கின்றன. மூன்றும் அமெரிக்காக்களிலிருந்து வந்தவை. மூன்றும் விலங்கு, பறவை வயிற்றின் வழியே பரவுபவை. நம் இலந்தை, களா, காரை, நாவல் ஆகியவற்றையும் அது தின்னும்தான். ஆனால் அவற்றுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. கரடி கொன்றைக் காயையும் நாவலையும் இலந்தையையும் தின்று முளைக்கக்கூடிய விதையாகவே வெளியேற்றுகிறது. குள்ளநரியின் எச்சத்தில் இலந்தைக் கொட்டை கொத்துக் கொத்தாகக் கிடப்பதை எந்த ஏரிக்கரையிலும் பார்க்கலாம். மரநாய், புள்ளிமான், யானை, மயில் எல்லாம் ஆளுக்கொரு பங்கு செய்கின்றன. காலியிடம் இருப்பதாக நினைத்து ஈமுவை நியமிக்கப் பார்க்கிறோம், காலியிடம் இல்லை. கரடிக்கும் நரிக்கும் இடம் குறைந்து வருவதுதான் இங்குள்ள சிக்கல்.

ஏழு பறவை ஐந்நூறைத் தாண்டியது

"இந்தியாவில் எங்கும் ஈமு காட்டில் நிலைக்கவில்லையே, பின் ஏன் கவலை?" என்று கேட்கலாம். நிலைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் எண்ணிக்கையின் தயவு. அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஜோடி இல்லாமல், நாய்க்கும் மனிதனுக்கும் நடுவே விடப்பட்டவை அவை. நிலைமை வேறாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு பாடம் இருக்கிறது.

தென்னமெரிக்கப் புல்வெளியின் பறக்காத பெரும்பறவை ரியா. 2000ஆம் ஆண்டையொட்டி, லூபெக் நகருக்கு அருகே ஒரு வளர்ப்பிடத்திலிருந்து ஆறேழு ரியா தப்பின. வாக்கனிட்ஸ் ஆற்றைக் கடந்து மெக்லன்பர்க் பக்கம் போய் வயல்வெளியில் தங்கின. 2018 இலையுதிர்காலக் கணக்கெடுப்பில் ஐந்நூறைத் தாண்டிவிட்டன. காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. பரந்த வயல், மக்கள் நெருக்கம் குறைவு, கட்டில்லாமல் திரியும் நாய் இல்லை. குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும் கடுகு இனப் பயிர் தீவனமானது. ஒரே ஆணின் கூட்டில் பல பெண்கள் முட்டையிடும் என்பதால் ஒரு நல்ல பருவம் போதும், தொகை எகிறிவிடும். அதோடு சட்டமும் சேர்ந்தது: சொந்த நாட்டில் ரியா குறைந்துவருவதால் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அந்தப் பாதுகாப்பு ஜெர்மனியில் தப்பித் திரிந்ததற்கும் கிடைத்தது. விவசாயிகள் நட்டத்தைக் காட்டி முறையிட்ட பின்தான் முட்டையைப் பொரிக்காமல் செய்யவும், பிறகு சுடவும் அனுமதி வந்தது. இருபது ஆண்டு தாமதம். முதல் ஆண்டிலேயே அந்த ஆறேழு பறவையையும் பிடித்திருந்தால் ஒரு மாதத்து வேலை.

பிரகாசம் மாவட்டத்துத் தீக்கோழி

இன்னொரு வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பறக்காத பெரும்பறவை இந்த மண்ணுக்குப் புதிதல்ல, இங்கேயே தீக்கோழி இருந்ததே என்பது அது. உண்மைதான். பிரகாசம் மாவட்டத்தில் வதோதரா ஆய்வாளர்கள் சுமார் 41,000 ஆண்டு பழமையான தீக்கோழிக் கூடு ஒன்றைக் கண்டறிந்த செய்தி 2024இல் வெளிவந்தது. ஒன்பது பத்தடி அகலம். சுமார் 3,500 ஓட்டுத் துண்டு. ஒன்பதிலிருந்து பதினோரு முட்டை இருந்திருக்கும் என்று கணித்தார்கள். மகாராஷ்டிரத்தின் பட்னே, மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா உட்படப் பல இடங்களில் தீக்கோழி முட்டை ஓடும், அதில் செய்த மணிகளும், கோடு கிழித்த துண்டும் கிடைத்திருக்கின்றன. ஐதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தினர் 2017இல் ஓட்டிலிருந்து மரபணுவைப் பிரித்து, இது ஆப்பிரிக்கத் தீக்கோழியின் உறவு என்று உறுதி செய்தார்கள்.

இதிலிருந்து ஈமுவுக்கு எந்த உரிமையும் கிளைக்காது. தீக்கோழியும் ஈமுவும் பறக்காதவை என்பதைத் தவிர வெகுதூரத்து உறவு. தீக்கோழிக்கு இரண்டு விரல், ஈமுவுக்கு மூன்று. தீக்கோழி நூறு கிலோவைத் தாண்டும்; நீண்ட பெருங்குடலில் நார்ப்பொருளைப் புளிக்கவைத்துச் செரிக்கும் மேய்ச்சல் பறவை. அதற்கு வேண்டியது பரந்த புல்வெளியும், கூட மேயும் பெரும் மந்தைகளும். அந்தப் புல்வெளியும் போயிற்று, அந்த மந்தைகளும் போயிற்று.

ஆந்திரத்தில் இன்றைக்கு நம் கைக்கு எட்டும் தூரத்தில் தவறவிட்டது வேறு பறவை: கானமயில். பறக்கும்தான், ஆனால் பதினைந்து கிலோ வரை எடை, நாள் முழுக்க நடந்து மேயும் புல்வெளிப் பறவை. வெட்டுக்கிளி, வண்டு, இலந்தைப் பழம் தின்று புல்வெளியின் கணக்கைச் சமன் செய்தது. அதற்காகவே 1988இல் ரோல்லபாடு சரணாலயம் அமைத்தார்கள். இன்று நாடு முழுவதும் சேர்த்து இருநூறுகூட இல்லை, பெரும்பாலும் ராஜஸ்தானில். ஈமுவைக் காட்டில் விட்டுக் காட்டை மீட்கலாம் என்று பேசும் ஆர்வம் கானமயிலுக்கும் ரோல்லபாட்டுப் புல்லுக்கும் திரும்ப வேண்டும். கால் வலுவான பறவை வேண்டும் என்றால், இந்த மண்ணுக்கென்று பிறந்தது அதுதான்.

வேலிக்கு வெளியே ஈமு நின்றால்

எல்லை ஊர்களில் இன்னும் எப்போதாவது ஒன்று வெளியே வரும். அந்த நேரத்தில் ஊர் இளைஞர்கள் பைக்கில் துரத்திப் பிடிப்பதுதான் வழக்கம். பறவை பிடிபடும், இரண்டு நாளில் செத்துப்போகும். ஏன் என்று பலருக்கும் புரிவதில்லை. காரணம் தசைச் சிதைவு. பயந்து நெடுநேரம் ஓடிய காலின் தசை வெந்து சிதைகிறது. அதிலிருந்து வெளிவரும் பொருள் சிறுநீரகத்தை அடைக்கிறது. கால் விறைப்பு, எழ முடியாமல் உட்கார்ந்துவிடுவது, எச்சத்தோடு வரும் சிறுநீர் காப்பி நிறத்தில் இருப்பது ஆகியவை அடையாளம். இந்த நிலைக்கு வந்தபின் காப்பாற்றுவது மிகக் கடினம். அதனால் பிடிப்பதன் முதல் விதி, துரத்தாமல் இருப்பது.

செய்ய வேண்டியது இது. கூட்டத்தையும் நாய்களையும் அப்புறப்படுத்துங்கள். 1962க்கு அழைத்தால் இரு மாநிலத்திலும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். வனத்துறைக்கும் தகவல் சொல்லுங்கள். காலை ஒன்பது மணிக்குள், அல்லது மாலை ஐந்துக்கு மேல்தான் பிடிக்க வேண்டும். வெயிலில் தொடவே கூடாது. இருபது அடி நீளப் பச்சை நிழல்வலை இரண்டை, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, ஆங்கில வி எழுத்துப் போல விரித்து, பறவையை மெல்ல ஒரு கொட்டகைக்குள்ளோ சுவர் மூலைக்கோ நகர்த்துங்கள். ஓடத் தொடங்கினால் நில்லுங்கள். அது நின்றபின் மறுபடி ஓரடி. வலையைப் பறவை மேல் வீசக் கூடாது. சிக்கி உதறும்போது கால் முறியும். பழகிய பறவை என்றால் ஒரு தீவனச் சட்டியே பாதி வேலையை முடித்துவிடும்.

நேர் எதிரே நிற்காதீர்கள். ஈமு முன்னோக்கியும் கீழ்நோக்கியும் உதைக்கும். நகம் வயிற்றைக் கிழிக்கும். பின்பக்கமாக வந்து, இரு பக்கமும் சிறிதாகத் தொங்கும் சிறகு இரண்டையும் அடியோடு சேர்த்துப் பிடித்து, பறவையின் முதுகை உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். கழுத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒருவர் பிடிக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று திசை காட்ட, மூன்றாமவர் வண்டியைத் திறந்து வைக்க, மூன்று பேர் போதும். லுங்கி, வேட்டி வேண்டாம். முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும் வேண்டும்.

ஏற்றிச் செல்லக் குட்டியானை வண்டி போதும். தரையில் மணல் பரப்பி, மேலே ஈரமில்லாத கோணிச்சாக்கு. வழுக்கும் இரும்புத் தட்டில் கால் விரிந்தால் இடுப்பு போய்விடும். தார்ப்பாய் ஆறடி உயரம் கட்டி இருட்டாக்குங்கள், காற்று மட்டும் வரட்டும். இருட்டில் அது தானாகவே உட்கார்ந்துவிடும். காலைக் கயிற்றால் கட்டாதீர்கள். கட்டிய காலில் நரம்பு செத்து, இறக்கும்போது பறவை எழாது. இறக்கியதும் நிழல், தண்ணீர், மின்னுப்புக் கரைசல். மூன்று நாள் யாரும் அருகில் போய்ப் படம் எடுக்கக் கூடாது. வைட்டமின் ஈ, செலினியம் ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

உரிமையாளருக்கு ஒரு சொல். தீனி, தண்ணீர் இல்லாமல் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். காட்டு எல்லையில் வேலியைத் திறப்பதும் இதில்தான் அடங்கும்.

வைத்திருப்பவர்கள் கடைசிவரை வைத்திருக்க

ஒரு ஜோடிக்கு நூறடி நீளம், இருபத்தைந்து அடி அகலம் வேண்டும். நீளம் முக்கியம், ஓட இடமில்லாத ஈமுவுக்கு முதலில் போவது கால்தான். ஆறடி உயரக் கம்பிவலை, கழுத்து நுழையாத சிறு கண்ணி. முள்கம்பி ஒரு வரிகூட வேண்டாம். மூலைகளைச் சதுரமாக விடாமல் பலகை வைத்து வளைத்துவிட்டால், பயந்த பறவை மூலையில் முட்டி அடிபடாது. பளபளப்பாக எதைக் கண்டாலும் விழுங்கும் என்பதால், வேலி கட்டி முடித்தபின் தரையில் கிடக்கும் கம்பித் துண்டு, ஆணி, பாட்டில் மூடி எல்லாவற்றையும் காந்தமும் கையுமாகப் பொறுக்க வேண்டும். கூரிய கம்பி அரைவைப்பைச் சுவரைத் துளைத்துச் செத்த பறவைகள் பண்ணைகளில் ஏராளம். அதே சமயம் செரிமானத்துக்குக் கூழாங்கல் வேண்டும். ஒரு சட்டியில் தனியாக வையுங்கள்.

விற்க வழியில்லாத பறவையை இனப்பெருக்கம் செய்ய விடுவது அதற்குச் செய்யும் தீங்கு. ஆண், பெண் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், சத்தத்தில் தெரிந்துவிடும். பெண் கழுத்துப் பையிலிருந்து பறை போல் முழங்கும், ஆண் உறுமும். இரண்டையும் தனி அடைப்பில் வைப்பது நல்லது. முடியாவிட்டால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை தினமும் மாலையில் அடைப்பைச் சுற்றி வாருங்கள். பெண் மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் அந்தி நேரத்தில் முட்டையிடும். கரும்பச்சை நிறம், அரைக்கிலோ எடை. சருகுக்குள் எளிதில் தெரியாது. அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஏழெட்டு முட்டை சேர்ந்துவிட்டால் ஆண் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த ஆண் தீவனத்துக்கு எழாது. பொரிக்காத முட்டை மேல் எட்டு வாரத்தைத் தாண்டியும் கிடந்து மெலியும். அப்படி உட்கார்ந்துவிட்டதைக் கண்டால் முட்டைகளை ஒவ்வொன்றாக விட்டு வைக்காமல் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்து, பள்ளத்தையும் மூடிவிட்டு, ஆணை வேறு அடைப்புக்கு மாற்றி, முதல் வாரம் ஊறவைத்த தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்து உடம்பைத் தேற்ற வேண்டும்.